பொட்டுக்கு அடியில் என்ன எண்?

பேட்டரிக்குப் பொட்டு வைத்தது குற்றம் என்று ராக்கையாவுக்குத் தேனிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆயுதபூஜைக்கு ஓடைப்பட்டியில் யார்தான் எதற்குத்தான் பொட்டு வைக்கவில்லை? ராக்கையா திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்கு வைத்தார். மருந்தடிக்கிற மிஷினுக்கு வைத்தார். மொபெட்டுக்கு வைத்தார். கடைசியில், இந்த வீடு இன்றைக்கு எதை நம்பி ஓடுகிறது என்று யோசித்து, அக்காவின் ஆக்சிஜன் மிஷினில் மாட்டியிருந்த பெரிய பேட்டரிக்கும் சந்தனத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். ஓரத்தில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுஷன் அளந்து பார்த்து நட்டநடுவில் வைத்தார். நட்டநடுவில்தான் அது எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்கிற எண்ணை அச்சடித்திருந்தார்கள். பொங்கலுக்கு வீடு கழுவும்போது அக்கா சங்கிலியம்மாள், காய்ந்துபோன பொட்டைத் தேங்காய் நாரால் ஒரு தேய் தேய்த்தார். சந்தனத்தோடு எண்ணின் நடு இலக்கமும் போயிற்று. குங்குமக் கறை மட்டும் போகவில்லை.

சங்கிலியம்மாளுக்கு மூச்சுதான் வியாதி. தம்பி தோட்டத்துக் கொடிகளுக்கு வருஷக்கணக்காக மருந்தடித்தவர். முகத்தில் ஒரு துணிகூடக் கட்டியதில்லை. நுரையீரல் நார் நாராகிவிட்டது என்று தேனி டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். இப்போது மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் தோள்பை அளவுக்கு ஒரு மிஷின், மிஷினின் அடிவயிற்றில் அந்தப் பேட்டரி. மிஷினோடு வந்த சின்னப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. இருப்பது இது ஒன்றுதான்.

மிஷினில் நாலு பச்சை விளக்கு உண்டு. நாலும் எரிந்தால் ராக்கையா வயிறாரச் சாப்பிடுவார். மூன்றானால் அரை வயிறு. இரண்டானால் கையைக் கழுவிவிட்டு பிளக் பாயிண்ட் தேடுவார். ஒன்றுக்கு வந்து அது கூவியதை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார். அன்றைக்கு ஊரில் கரண்டு இல்லை. அக்காவின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிப்போயிற்று.

ஐதராபாத்தில் ஒரு பெரிய டாக்டர், இவர்கள் தேனிக்கு வந்த நாளுக்கு மறுநாள் சாயங்காலத்துக்குத் தேதி கொடுத்திருந்தார். போன தேதி காய்ச்சலில் போயிற்று. இதுவும் போனால் அடுத்து எப்போது என்று ராக்கையா போனில் கேட்டதற்கு, ஆஸ்பத்திரிப் பெண் "அதுவரைக்கும் அவங்க..." என்று ஆரம்பித்துவிட்டு, வராத இருமலை இருமினாள். ராக்கையாவுக்கு அந்த இருமல் போதும். அக்காவுக்கும் தனக்கும் விமான டிக்கெட் போட்டுவிட்டார்.

டிக்கெட் போட்டது ஆகாயகங்கை ஏர்வேஸில். பயணிகளின் உயிரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுகிற கம்பெனி அது. பெரிய பேட்டரியோடு வருகிறவர்கள் நேராக விமான நிலையத்துக்குப் போய்விட முடியாது. அவரவர் மாவட்டத்தில் 'பேட்டரி பாதுகாப்பு முன் ஒப்புதல் மையம்' என்று ஒன்று இருக்கும். அங்கே ஒப்புதல் வாங்கினால், கம்பெனி வேனே விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். தேனி மையத்துக்கு இடம் தேடியபோது, நெருப்புப் பிடித்தால் கூட்டம் தப்பி ஓடுகிற அளவுக்கு வாசல் உள்ள கட்டடம் வேண்டும் என்றார்களாம். கல்யாண மண்டபம்தான் கிடைத்தது. வாசலில் சிமெண்டு யானை இரண்டு, மேலே நல்வரவு வளைவு எல்லாம் அப்படியே இருந்தன. முகூர்த்த நாளில் மட்டும் பாதுகாப்புக்கு விடுமுறை.

விடிந்ததும் விடியாததுமாக ஈஸ்வரபாண்டியின் காரில் இருவரும் வந்து இறங்கினார்கள். ஈஸ்வரபாண்டி அதே தெருக்காரன், வாடகைக் கார் ஓட்டுகிறவன். வழியெல்லாம் காரிலேயே சார்ஜ் போட்டு வந்ததில் நாலு விளக்கும் எரிந்தன.

மண்டபத்துக்குள் சந்தனக் கும்பா வைக்கிற இடத்தில் அபிதா என்ற பெண் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேல் பெரிய டிவியில் ஒரு பேட்டரி எரிந்துகொண்டிருந்தது. எரிந்து முடிந்ததும் இன்னொன்று எரிந்தது. பிறகு ஒரு சூட்கேஸ், பிறகு ஒரு சோபா. மண்டபத்து ஒலிபெருக்கியை யாரும் மாற்றாததால் பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது.

ராக்கையா மிஷினை உடம்பில் படாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பொங்கலுக்கு முன்னாலிருந்து இந்தச் சனியன் பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுக்கிறார்.

"ஏலே, இதையா என் மடியில வச்சுக் கூட்டியாந்த?" என்றார் சங்கிலியம்மாள்.

"வாட் ஹவர் எவ்வளவு சார்?" என்று அபிதா கேட்டாள்.

"ஹவரா ஆத்தா? கருக்கல்ல கெளம்புனோம்."

"பேட்டரியோட வாட் ஹவர் சார்."

"அது ராத்திரி பூராம் சார்ஜுல கெடந்துச்சு."

அபிதா பெருமூச்சு விட்டாள். அந்த இடத்தில் அவளால் தாராளமாக விட முடிந்தது. மிஷினைத் திருப்பிப் பேட்டரியைப் பார்த்தவள், உடனே கையை எடுத்துக்கொண்டு மேடையைக் காட்டினாள்.

மேடையில், மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில், ஆதித்தன் உட்கார்ந்திருந்தார். மண்டல பேட்டரி அபாயத் தடுப்பு அதிகாரி. பேட்டரியை மிஷினோடு தாம்பாளத்தில் வைத்து அவர் முன்னால் நீட்டச் சொன்னார்கள். சீர் கொண்டுவந்த மாமன் மாதிரி ராக்கையா நீட்டினார். மிஷினிலிருந்து குழாய் அக்கா மூக்குக்குப் போவதால், அக்காவும் கூடவே மேடை ஏற வேண்டியிருந்தது.

"ஒண்ணு தெரியுது. எட்டு தெரியுது. நடுவுல என்ன நம்பர்?" என்றார் ஆதித்தன்.

"பொட்டு சார்."

"பொட்டு ஒரு நம்பர் இல்ல."

"ஆயுதபூஜைக்கு வச்சது சார். அடியில நாலோ என்னமோ இருந்துச்சு."

"என்னமோங்கறதும் நம்பர் இல்ல." ஆதித்தன் கண்ணாடியைக் கழற்றினார். பேசப்போகிறார் என்று அர்த்தம். "கேளுங்க. நூறு வாட் ஹவருக்கு மேல இருந்தா எங்க ஒப்புதல் வேணும். நூத்தி அறுபதுக்கு மேல இருந்தா விமானத்துக்குள்ள விடவே முடியாது. உங்களுது நூத்தி எட்டாவும் இருக்கலாம், நூத்தித் தொண்ணூத்தி எட்டாவும் இருக்கலாம். பாதுகாப்புன்னா என்ன? தெரியாத இடத்துல மோசமானதை நினைக்கிறது. நாங்க ஒவ்வொரு பயணியையும் மோசமாத்தான் நினைப்போம். அதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்."

"நூத்தியெட்டுண்டே வச்சுக்கங்களேன் சார்," என்றார் சங்கிலியம்மாள். "சாமிக்கும் ஆச்சு, ஆம்புலன்சுக்கும் ஆச்சு."

ஆதித்தன் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அவருக்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும் போலிருக்கிறது.

"இதே கம்பெனி, இதே பேட்டரி, படமெல்லாம் போன்லயே இருக்கு சார்," என்று ராக்கையா கெஞ்சினார். "நம்பரு பளிச்சுண்டு தெரியுது பாருங்க."

ஆதித்தன் பார்த்தார். "இது நல்ல பேட்டரி. இது தாராளமா பறக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல. உங்க கையில இருக்கறதைப் பத்தித்தான் பேச்சு."

மூன்று பேர் கொண்ட குழு கூடிற்று. பூதக்கண்ணாடி வைத்துப் பொட்டைப் பார்த்தார்கள். ஒருவர் மூன்று என்றார். இன்னொருவர் ஆறு என்றார். மூன்றாமவர், கறை நல்ல வட்டமாக விழுந்திருப்பதாகச் சொன்னார். கடைசியில், பாதுகாப்புப் பிரிவும் மருத்துவப் பிரிவும் சம்மதித்தால் நிபந்தனையோடு விடலாம் என்று தீர்ப்பாயிற்று. ராக்கையா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடையிறங்கினார். ஒரு விளக்கு அணைந்திருந்தது.

மணமகன் அறையில் பாதுகாப்புப் பிரிவு. உள்ளே இருந்தவர் மிஷினைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மூணு விளக்கு எரியுதே! இம்புட்டு சார்ஜோட விடுவோமா? முப்பது பர்சென்ட்டுக்குக் கீழ கொண்டாங்க. ஒரு விளக்குதான் எரியணும்."

"ஒண்ணுக்கு வந்தா அக்காவுக்கு மூச்சுக்குப் பத்தாதே சார்."

"மூச்சு மருத்துவப் பிரிவு."

மணமகள் அறையில் மருத்துவப் பிரிவு. அங்கே சுபாஸ்ரீ என்கிற அம்மாள், ரொம்ப நல்ல மாதிரி. அக்காவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "பயண நேரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு சார்ஜ் இருந்தாத்தான் உங்களைப் பறக்க விட முடியும்மா. உங்க உயிர் எங்களுக்கு முக்கியம். நாலு விளக்கும் எரியணும்."

"நாலு எரிஞ்சா அங்கன விட மாட்டேங்கிறாகளே தாயி."

"அது பாதுகாப்புப் பிரிவு."

"சரி, சார்ஜாவது போட்டுக்கிறோம். பிளக் எங்கன இருக்கு?"

"இது பேட்டரி பாதுகாப்பு மையம் சார். இங்க சார்ஜ் போடத் தடை."

மணமகன் அறைக்கும் மணமகள் அறைக்கும் ராக்கையா நடையாய் நடந்தார். கல்யாணம் பேசி முடிக்கிற தரகர்கூட இத்தனை நடை நடந்திருக்கமாட்டார். அவர் நடந்தால் பரவாயில்லை, குழாயோடு அக்காவும் நடக்க வேண்டியிருந்ததுதான் கொடுமை. கடைசியில் ஆதித்தனே மேடையிலிருந்து இறங்கிவந்து ஒரு வழி சொன்னார்.

"முதல்ல சார்ஜைக் குறைச்சு பாதுகாப்புல கையெழுத்து வாங்கிடுங்க. அப்புறம் வெளிய போய் ஏத்திட்டு வந்து மருத்துவத்துல வாங்குங்க. குறைக்கறது சுலபம். அம்மா நல்லா மூச்சு விட்டாலே போதும்." பிறகு சங்கிலியம்மாளின் பக்கம் குனிந்து, "இழுத்து விடுங்கம்மா, நல்லா இழுத்து விடுங்க," என்றார்.

மணமகள் அறை வாசலில் நின்றிருந்த சுபாஸ்ரீ பதறிப்போனார். "ஐயோ, வேண்டாம்மா! சிக்கனமா விடுங்க!"

சங்கிலியம்மாள் ஒருதரம் இழுத்து விட்டார். ஒருதரம் சிக்கனமாக விட்டார். "ஏலே ராக்கு, எந்த மூச்ச எந்த ஆபீசுக்கு விடணும்னு எழுதி வாங்கிக்கடா," என்று சொல்லி முடிப்பதற்குள் இளைத்துவிட்டார். இரண்டாவது விளக்கும் அணைந்தது. வாசலில் வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். பழியாய்க் கிடந்து வாங்கிய டாக்டர் தேதி கண்முன்னால் நழுவுகிறது, அக்காவின் மூச்சும் நழுவுகிறது, எதைப் பிடிப்பது என்று ராக்கையாவுக்குப் புரியவில்லை. அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. ஓடைப்பட்டியிலிருந்து சம்சாரம் கஸ்தூரியம்மாள்.

"ஏங்க, மேகமலைப் பக்கம் கருகருண்டு வருதுங்க. சின்னமனூர்ல ஊத்துதாம்."

ராக்கையாவுக்கு இருந்த பயம் போதாதென்று இன்னொரு பயம் சேர்ந்தது. தோட்டத்தில் பன்னீர் திராட்சை பழுத்துத் தொங்குகிறது. பழுத்த பழத்தில் மழைத் தண்ணீர் ஏறினால் தோல் தாங்காமல் பிளந்துகொள்ளும். அதற்கு அந்தப் பக்கத்துத் திராட்சைக்காரர்களிடம் ஒரே வார்த்தைதான். அந்த வார்த்தையை, மேடைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்று, கையில் பேட்டரி மிஷினோடு, தொண்டை கிழியச் சொன்னார்.

"ஏத்தா, வெடிச்சிரும்லத்தா! கெழக்குப் பக்கம் ஏதும் வெடிச்சிருச்சா?"

நாதஸ்வரம் மட்டும் கேட்டது. மற்ற சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

"ஒண்ணு வெடிச்சா பக்கத்துல உள்ளதும் வெடிக்கும்! சாயங்காலத்துக்குள்ள அம்புட்டும் வெடிச்சு நாசமாப் போயிரும்! நம்ம ஆளுக பூராத்தையும் கூப்புடு. வெடிக்கிறதுக்குள்ள அறுத்துப்புடுவோம்!"

அபிதா மேசைக்கடியில் போனாள். சைரன் அலறியது. குழுவிலிருந்த மூன்று பேரும் மூன்று வாசலில் ஓடினார்கள். பந்திக் கூடத்திலிருந்து ஒரு காவலாளி இடுக்கியோடு பாய்ந்துவந்து, மிஷினின் அடிவயிற்றிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினார். மேடையில் ஆற்றுமணல் நிரப்பி வைத்திருந்த பிரியாணி அண்டாவுக்குள் அதைப் போட்டுவிட்டு ஓடினார். மிஷின் ஒரு கூவல் கூவி அடங்கிற்று. ராக்கையாவையும் சங்கிலியம்மாளையும் நாலு பேர் தள்ளிக்கொண்டு போய் வாசல் சிமெண்டு யானைக்குப் பக்கத்தில் விட்டார்கள்.

"யாரும் பயப்பட வேண்டாம்!" ஆதித்தன் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில் பேசினார். "சரியான நேரத்துல நடவடிக்கை எடுத்துட்டோம். பயணியோட உயிர்தான் எங்களுக்கு முக்கியம். அந்த அம்மாவை நாங்க பேட்டரிகிட்டயிருந்து காப்பாத்திட்டோம்!"

காப்பாற்றப்பட்ட அம்மாள் யானையின் காலைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார். வாய் திறந்து மூடிற்று. காற்று உள்ளே போகவில்லை. உதட்டில் அந்த நாவல்பழ நிறம் ஏறத் தொடங்கியது.

"சார், திராட்சைய்யா! நான் சொன்னது திராட்சைப் பழம்! அதக் குடுத்துருங்க சார், அக்கா செத்துப்போகும் சார்!"

"பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்துல யாரும் போகக்கூடாது! பெங்களூர்ல இருந்து நிபுணர் வர்றார்!"

ராக்கையா உள்ளே ஓடினார். உள்ளே ஓடுகிறவனைத் தடுத்துப் பிடிக்க வேண்டும் என்று அந்த மையத்தில் விதி உண்டு. ஆனால் பிடிக்க உள்ளே போக வேண்டும். யாரும் போகவில்லை.

டிவியில் சோபா எரிந்துகொண்டிருந்தது. ராக்கையா தைரியசாலி இல்லை. அந்தப் படத்தை அவர் அட்சரம் அட்சரமாக நம்பினார். மணலுக்குள் கையை விட்டபோது கை தனியாகப் போய்விடும் என்றே நினைத்தார். பேட்டரியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அக்காவுக்கு மூச்சு வரட்டும், அப்புறம் வெடிச்சுக்க," என்று அதனிடம் அழுதுகொண்டே சொன்னார். வெளியே வந்து, ஊதி, வேட்டியில் துடைத்து, மிஷினில் மாட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தரம் கழற்றி மாட்டினார். மிஷின் கூவிற்று. ஒரு விளக்கு எரிந்தது.

சங்கிலியம்மாளின் மூக்குக்குள் காற்று போகிற சத்தம், அந்தச் சின்னச் சத்தம், ராக்கையாவுக்கு அன்று நாதஸ்வரத்தையும் சைரனையும் தாண்டிக் கேட்டது. அக்காவின் காலடியிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

தலை நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. யானைக்கு இந்தப் பக்கம் அவர்கள் இருவர். தெருவுக்கு அந்தப் பக்கம் மொத்த ஆகாயகங்கையும். வேன் நின்றது. டிரைவர் சாவியோடு எந்தப் பக்கம் ஓடினார் என்று தெரியவில்லை. ஆதித்தனுக்குப் பெங்களூரிலிருந்து போன் வந்தது. அவர் மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

"என்ன சார், ஏர்போர்ட்லயே நிக்கறீங்களா? ஏன் ஏத்த மாட்டேங்கறாங்க? ஓ... உங்க சோதனைக் கருவியும் பேட்டரியில ஓடறதா? எத்தனை வாட் ஹவர்? சரி சார். ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் சார்."

சங்கிலியம்மாள் கண்ணைத் திறந்தார். "ஏலே, எந்திரி. இங்கன இருந்தா இவுக நம்மளக் காப்பாத்தியே கொன்னுபுடுவாக."

தெருமுனையில் காத்திருந்த ஈஸ்வரபாண்டியின் கார் அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. "திராட்சை லோடே ராத்திரியோட ராத்திரியா அம்புட்டுத் தூரம் போகுது. நம்ம சங்கிலியக்கா போகாதாக்கும்? ஏறுங்கண்ணே. கார்லயே சார்ஜப் போட்டுக்கிட்டு நேரா ஐதராபாத்து போயிருவோம்," என்றான்.

"நில்லுங்க!" என்றது மைக். "ஒப்புதல் இல்லாம பேட்டரியை வெளிய கொண்டு போகக்கூடாது! இங்க வந்து விளக்கம் குடுத்துட்டுப் போங்க!"

பயந்த மனுஷன் ராக்கையா. அதிகாரி கூப்பிட்டால் போய்த்தான் பழக்கம். "இந்தா வாரேன் சார்," என்று மிஷினைத் தூக்கிக்கொண்டு, அக்காவையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, தெருவைத் தாண்ட ரெண்டு எட்டு வைத்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த கூட்டம் மொத்தமும் பின்வாங்கிற்று. ஆதித்தன் ஒரு டீக்கடைக்குள் போய்விட்டார்.

"வராதீங்க! அங்கயே நில்லுங்க! ஒப்புதல் குடுத்தாச்சு! நூத்தி எட்டுதான்! போங்க!"

கார் தேவதானப்பட்டியைத் தாண்டிற்று. ராக்கையா மிஷினைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவது விளக்கு எரிந்தது. அப்போது கஸ்தூரியம்மாள் போன் செய்தாள்.

"ஏங்க, மழ இங்குட்டு வராமயே கலஞ்சிருச்சுங்க. ஒரு கொத்துகூட வெடிக்கல."

ராக்கையா காருக்கு முன்னாலும் பின்னாலும் பார்த்தார். "மெதுவாப் பேசுத்தா," என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார்.

"என்னவாம்லே?" என்று கேட்டார் சங்கிலியம்மாள்.

"ஒண்ணும் ஆகலையாம்க்கா."

"என்ன ஆகலையாம்?"

"பழம்... அதான்க்கா... அது ஆகலையாம்."

சங்கிலியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முன்னால் ஈஸ்வரபாண்டியும் சிரித்தான். அக்கா குலுங்கக் குலுங்க ராக்கையாவின் பார்வை விளக்குகளுக்கு ஓடியது. "அக்கா, சிரிக்காதக்கா. சிக்கனமா விடு," என்று சொல்லிவிட்டார்.

சங்கிலியம்மாள் சிரிப்பை நிறுத்தித் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயுமாடா?" என்றார்.

ராக்கையா தலையைக் குனிந்துகொண்டார். சங்கிலியம்மாள் ஜன்னல் பக்கம் சாய்ந்து, யாரையும் கேட்காமல், ஒரு மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.